மூன்றாவது கம்பி

விஞ்ஞானம் மனிதனுக்கு அளித்த காவற் சாதனங்களுள் புகையுணர் கருவி மிக எளியது. அதனுள்ளே சிறு ஒளிக்கதிர் ஒன்று செல்கிறது. புகைத்துகள்கள் புகுந்தால் கதிர் சிதறி உணர்கண்ணில் படுகிறது. உடனே கருவி அலறுகிறது. உறங்குபவனின் மூக்கை நம்பியிருக்க முடியாது. அவனது காதைத்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாணத்து வீட்டுக்கு இது எதற்கு என்று கேட்போர் உண்டு. எமது பாட்டன்மார் காலத்தில் அடுப்படி வீட்டுக்குப் புறம்பாக இருந்தது. புகை கூரை வழியே தன் பாட்டில் போயிற்று. இன்றோ கொங்கிறீற்றுக் கூரையின் கீழ், படுக்கையறைக்கு அருகிலேயே எரிவாயு அடுப்பு எரிகிறது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வடுப்புகள் வெடித்த செய்திகள் நாடெங்குமிருந்து வந்ததை நாம் மறந்துவிடவில்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே ஒவ்வொரு மாடியிலும் இக்கருவி இயங்க வேண்டுமென்பது சட்டம். வாடகை வீட்டில் அதனைப் பராமரிப்பது உரிமையாளரின் கடமை. அங்கே அது தனவந்தரின் ஆடம்பரமன்று, குடியிருப்போரின் உரிமை.

ரொறன்ரோவில் வாழும் மகன், கோண்டாவிலில் தனித்திருக்கும் எமது பெரியம்மாவுக்குக் கட்டிக் கொடுத்த வீட்டில் ஐந்து கருவிகள் இருந்தன. பின்புறத்தில் பொறித்திருந்த திகதிப்படி அவற்றின் பத்தாண்டு ஆயுள் முடிந்திருந்தது. மகன் அனுப்பிய புதியவை 120 வோல்ற்றுக்கானவை. எமது நாட்டு மின்சாரமோ 230 வோல்ற்று. ஆகவே பொருத்தமானவற்றைக் கொழும்பிலிருந்து தருவித்து, மின்வேலை தெரிந்த இளைஞர் ஒருவருடன் நாம் வேலையைத் தொடங்கினோம்.

கருவிக்கு மின்சாரம் தர இரு கம்பிகள் போதும். மூன்றாவது ஒரு கம்பியும் வருகிறது. ஓரிடத்தில் புகை கண்டால், வீட்டிலுள்ள கருவிகள் அனைத்தையும் அலறச் செய்வது அதுவே. சோதித்தபோது நான்கு கருவிகள் ஒருங்கே ஒலித்தன. பெரியம்மா படுக்கும் பின்னறையிலுள்ளது மட்டும் மௌனமாயிருந்தது. வீட்டின் கம்பி வரைபடம் எவரிடமும் இல்லை. பிரதான ஆளியை நிறுத்தி, இணைப்புப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து தேடினோம். கடைசிப் பெட்டியில் மூன்றாவது கம்பி இணைக்கப்படாமல், நுனியில் நாடா சுற்றப்பட்டுக் கிடந்தது. குசினியில் தீப்பற்றியிருந்தால், வீடெல்லாம் ஒலித்திருக்கும். உறங்கும் மூதாட்டியின் அறை மட்டும் அமைதி காத்திருக்கும்!

"இந்தக் கம்பி எதுக்கெண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை, ஐயா" என்றார் இளைஞர். நாட்கூலிக்கு வேலை வாங்கி, வேலையின் காரணத்தைச் சொல்லாமல் மறைக்கும் சமுதாயத்தில், குற்றத்தைத் தொழிலாளியின் தலையில் சுமத்துவது நியாயமன்று.

கம்பியை இணைத்தோம், ஐந்தும் ஒலித்தன. ஆனால் யாருக்காக ஒலித்தன? கிடுகு வேலிக் காலத்தில் வேலியிலே ஒரு பொட்டு இருந்தது. "நெருப்பு!" என்ற குரல் கேட்டால், அயலார் அதனூடாக வாளியோடு ஓடி வருவார்கள். அந்த வேலியும் சாதி பார்த்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை; எல்லோர்க்கும் பொட்டுத் திறந்திருக்கவில்லை. இன்று எழுந்துள்ள மதில்களிலோ எவர்க்குமே பொட்டு இல்லை. பூட்டிய படலைக்குள் முதியவர்கள் தனித்திருக்கிறார்கள்.

குரல் எழுந்தால் மட்டும் போதாது என்பதற்கு இலண்டன் சாட்சி. கிறென்ஃபெல் மாடிக் குடியிருப்பின் மக்கள் தீ அபாயத்தைப் பன்முறை எழுதி எச்சரித்திருந்தார்கள். செவிசாய்க்க வேண்டியவர்கள் சாய்க்கவில்லை. 2017 ஜூன் 14ஆம் நாள் மூண்ட தீயில் 72 உயிர்கள் போயின.

ஆகவே பெரியம்மா வீட்டு வெளிச்சுவரில், அடுத்த வளவுக்குக் கேட்கும்படி, அதே கம்பியோடு ஒரு மணியையும் இணைத்தோம். படலைத் திறப்பு ஒன்று அயல் வீட்டாரிடம் இருக்கிறது. ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! உங்கள் ஒழுங்கையில் தனித்திருக்கும் முதியோர் எத்தனை பேர், அவர்களின் குரல் எந்த வீட்டுக்குக் கேட்கும் என்று இந்த வாரமே கணக்கெடுங்கள்.