ஒரு மார்க் பாக்கி



இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள். பொங்கி வழிந்தால் டீச்சர் பொறுப்பில்லை.

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தோம். பழைய பித்தளைக் குடத்துக்குப் பின்னால் ஒரு மஞ்சப்பை. அதற்குள் என் இரண்டு நோட்டுகள். ஒன்றில் 'பொன்மொழி' என்றும் இன்னொன்றில் 'வெள்ளிக்கிழமை' என்றும் என் கையெழுத்து. கரையான் புண்ணியத்தில் ஓரம் மட்டும்தான் போயிருந்தது. வேலையை அப்படியே போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். மகள் திட்டியது காதில் விழவில்லை.

என்னிடம் படித்தவர்களுக்கு இந்த இரண்டையும் சொல்லத் தேவையில்லை. உறவுகளுக்காகச் சொல்கிறேன். பயிற்சிப் பள்ளியில் பட்டயம் வாங்கி வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே பள்ளி வாசலில் இருந்த கரும்பலகையை என் தலையில் கட்டிவிட்டார்கள். தினமும் காலை மணி அடிப்பதற்குள் அதில் ஒரு பொன்மொழி எழுத வேண்டும். கீழே சொன்னவர் பெயர் இருக்க வேண்டும். தினத்தாள் காலண்டர், வார இதழின் மூலை, பக்கத்து வீட்டு வாழ்த்து அட்டை என்று கிடைத்த இடத்திலெல்லாம் பொறுக்குவேன். ஒருநாள் ஒன்றுமே கிடைக்காமல், பஸ்ஸில் வரும்போது முன்னால் போன லாரியின் பின்பக்கம் பார்த்ததை எழுதி, கீழே 'ஓர் அறிஞர்' என்று போட்டேன். தலைமையாசிரியர் நின்று படித்துவிட்டு, "ரொம்ப நல்ல கருத்து டீச்சர்" என்றார்.

வெள்ளிக்கிழமை நோட்டு, கடைசிப் பீரியட் வினாடி வினாவுக்கு. அந்த நேரத்தில் எந்தப் பிள்ளைக்கும் பாடம் ஏறாது. அதனால் வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து சினிமா, கிரிக்கெட், ரேடியோ என்று கேட்பேன். எந்தத் தமிழ்ப் படத்தில் பாட்டே கிடையாது? 1954இல் வந்த 'அந்த நாள்'. சிவாஜி ஒன்பது வேடத்தில் நடித்தது? 1964இல் 'நவராத்திரி'. மூன்று தீபாவளி கண்ட படம்? பாகவதரின் 'ஹரிதாஸ்'. சென்னை பிராட்வே தியேட்டரில் 1944 தீபாவளிக்கு வந்த படம் 1946 தீபாவளியையும் பார்த்துவிட்டுத்தான் போனது. பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு வாயே திறக்காத பிள்ளைகள் இதற்கெல்லாம் பெஞ்சு மேல் ஏறி நிற்பார்கள்.

சரி, பொன்மொழி நோட்டுக்கு வருகிறேன். லீவுக்கு வந்திருக்கும் பேத்தி பத்தாம் வகுப்பு. பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். கையில் போன். கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்தாள்.

"அம்மாச்சி, இது ஐன்ஸ்டீன் சொல்லவே இல்ல."

எனக்குப் பகீர் என்றது. அவள் விரல் வைத்திருந்தது மீன் பொன்மொழியின் மேல். மரம் ஏறச் சொல்லி மீனுக்குப் பரீட்சை வைத்தால், அது தன்னை முட்டாள் என்று நினைத்தே வாழ்ந்துவிடும் என்கிற அதேதான். எத்தனை பேர் ஆட்டோகிராஃபில் அதை எழுதியிருக்கிறேன்! ஃபெயில் ஆகி அழுதவனுக்குச் சொல்லியிருக்கிறேன், அடிக்க வந்த அப்பாக்களுக்கும் சொல்லியிருக்கிறேன். ஐன்ஸ்டீன் 1955இல் இறந்துவிட்டார். அவர் எழுத்திலோ பேச்சிலோ அந்த மீன் எங்குமே நீந்தவில்லையாம்.

அடுத்தது காந்தித் தாத்தா. உலகத்தில் நீ பார்க்க விரும்பும் மாற்றமாக நீயே இரு என்பதை அவர் பெயரில் வருடத்துக்கு இரண்டு முறையாவது எழுதியிருப்பேன். அவர் எழுத்துகளின் தொகுப்பு நூறு தொகுதி இருக்கிறது. அதில் இந்த வாக்கியம் இந்த உருவத்தில் இல்லை. 1913இல் தென்னாப்பிரிக்காவில் நடத்திய 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில், நாம் நம்மை மாற்றிக்கொண்டால் உலகத்தின் போக்கும் மாறும் என்ற கருத்தை எழுதியிருக்கிறார். அதை யாரோ சுருக்கி, இஸ்திரி போட்டு, மடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதாவது பரவாயில்லை, தாத்தா வீட்டுத் துணிதான்.

முதலில் கண்டுகொள்ள மாட்டார்கள், பிறகு சிரிப்பார்கள், பிறகு சண்டை போடுவார்கள், கடைசியில் நீ ஜெயிப்பாய் என்று ஒன்று. அதையும் காந்தி பெயரில்தான் எழுதியிருந்தேன். ஏறக்குறைய அதே மாதிரி பேசியவர் நிக்கோலஸ் கிளைன் என்ற அமெரிக்கத் தொழிற்சங்கக்காரர். 1918இல் ஆடை தைக்கும் தொழிலாளர்கள் கூட்டத்தில் பேசியது. தையல்காரர்களுக்குச் சேர வேண்டிய சொத்தை இருபது வருஷம் தாத்தாவுக்கு எழுதிவைத்திருக்கிறேன்.

ரொட்டி இல்லாவிட்டால் கேக் தின்னட்டுமே என்று மேரி அன்டோனெட் கேட்டதாக வரலாற்று வகுப்பில் நடித்தே காட்டியிருக்கிறேன். பின் பெஞ்சுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். ரூசோ தன் வாழ்க்கைக் கதையில் பேர் சொல்லாமல் ஓர் இளவரசி அப்படிச் சொன்னதாக எழுதிய காலத்தில், இந்த அம்மாள் ஆஸ்திரியாவில் பாவாடை கட்டிய சின்னப் பெண். பாவம், தலையும் போய், செய்யாத தப்பும் தலையில்.

உன் கருத்தை நான் ஏற்கமாட்டேன், ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன் என்கிற வால்டேர் பொன்மொழி? அது ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் என்ற ஆங்கிலேய அம்மையார், வால்டேரின் மனப்பாங்கை விளக்க 1906இல் தன் சொந்த வார்த்தையில் எழுதியது. வால்டேர் இறந்ததோ 1778இல். ஒரு பெண்மணி உழைத்து எழுதியதை ஆண்பிள்ளை கணக்கில் வரவு வைத்துவிட்டோம். இந்தக் கதை நம் வீடுகளிலும் நடப்பதுதான்.

ஒன்றிரண்டு தேறின. 1969இல் நிலாவில் கால் வைத்தபோது ஆர்ம்ஸ்ட்ராங் அந்தச் சின்ன அடி, பெரிய பாய்ச்சல் வாக்கியத்தைச் சொன்னது நிஜம். அதிலும் ஒரு வேடிக்கை. 'ஒரு மனிதனுக்கு' என்று சொல்ல வந்தவர் வாயில் அந்த 'ஒரு' விழுந்ததா விழவில்லையா என்று இன்றுவரை வழக்கு. நியூட்டன் தான் ராட்சதர்கள் தோளில் நின்று பார்த்ததாகக் கடிதம் எழுதியதும் உண்மை. ஆனால் அந்த உவமையே அவருக்கு ஐந்நூறு வருஷம் முந்தியது. தோளில் நின்றேன் என்று சொல்லவும் அவருக்கு ஒரு தோள் தேவைப்பட்டிருக்கிறது.

பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். கருத்து ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை. மரம் ஏறத் தெரியாததால் மீன் முட்டாள் இல்லை, யார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும். எங்கள் சின்ன மாப்பிள்ளை அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார். மாப்பிள்ளை, ஸ்டேட்டஸ் அப்படியே இருக்கட்டும், கீழே பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள்.

அப்போதுதான் அவள் ஒன்று கேட்டாள். "ஏன் அம்மாச்சி, நீங்களே சொன்னதா எழுதியிருக்கலாம்ல?"

எழுதியிருக்கலாம். ஆனால் யார் மதிப்பார்கள் கண்ணு? கீழே ஐன்ஸ்டீன் என்று போட்டால்தான் வகுப்பு அமைதியாகும் என்றேன். சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை நோட்டை எடுத்தேன். அதில் ஒரு பக்கத்தைத் திருப்பியதும் என் சிரிப்பு நின்றுவிட்டது. இந்தப் பதிவே அந்தப் பக்கத்துக்காகத்தான்.

1989. ஏழாம் வகுப்பு. நான் கேட்ட கேள்வி: 'காளிதாஸ்' படத்தின் சிறப்பு என்ன?

நம் திருவையாற்றில் பிறந்த டி.பி. ராஜலட்சுமி நடித்த படம் என்பதால் அந்தக் கேள்வியை ஆசையாக வைத்திருந்தேன். இரண்டு அணியும் சமமாக நின்ற நேரம். ஒரு பையன் எழுந்தான். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, ஒரு பட்டன் இல்லாத சட்டை.

"முதல் தமிழ்ப் பேசும் படம் டீச்சர்."

அங்கேயே நிறுத்தியிருந்தால் மார்க். அவன் நிறுத்தவில்லை. "ஆனா அதுல கதாநாயகன் தெலுங்குல பேசுவாரு டீச்சர். ராஜலட்சுமி மட்டும்தான் தமிழ். எங்க தாத்தா பட்டணத்துல அந்தப் படத்தைப் பாத்தாரு."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "ஏன்டா, அவ தமிழ்ல கேட்டா அவன் தெலுங்குல பதில் சொல்வானா? அப்புறம் அது எப்படித் தமிழ்ப் படம்? தாத்தா வேற ஏதாவது கொட்டகைக்குப் போயிருப்பாரு. உட்காரு."

மார்க்கை எதிரணிக்குக் கொடுத்தேன். அவர்களுக்கு ஆளுக்கொரு பால்பாயிண்ட் பேனா. நோட்டில் அவன் அணிக்கு நேராகச் சிவப்பு மையில் ஒரு சுழி. பக்கத்தில் 'தவறான விடை' என்று என் கையெழுத்து.

பிள்ளைகளே, அவன் சொன்னது அத்தனையும் சரி. 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் கொட்டகையில் வெளியான 'காளிதாஸ்', ஹெச்.எம். ரெட்டி இயக்கியது. பம்பாயில், இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா'வுக்குப் போட்ட அரங்கிலேயே எடுத்தார்கள். கதாநாயகி ராஜலட்சுமி பேசியது தமிழ். கதாநாயகன் பி.ஜி. வெங்கடேசன் பேசியது தெலுங்கு. துணைப் பாத்திரங்கள் சிலர் பேசியது இந்தி. கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் காந்தியின் கைராட்டையைப் பற்றி ஒரு பாட்டு வேறு. சினிமா பேசுகிறது என்பதே அதிசயமாக இருந்த காலம். எந்த மொழியில் பேசியது என்று யார் கவலைப்பட்டார்கள்?

இதைப் பேத்தியின் போன் எனக்குச் சொல்லவில்லை. வேலையில் இருந்தபோதே ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் படித்தேன். பையன் முகம் உடனே ஞாபகம் வந்தது. அப்போது அவன் பள்ளி முடித்துப் போயிருந்தான். பேப்பரை மடித்து வைத்தேன். சின்னப் பிள்ளை விளையாட்டுக் கேள்வி, இதற்குப் போய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கப்புறம் அந்தக் கேள்வியை எந்த வகுப்பிலும் கேட்கவில்லை. ஆக, தப்பு என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அவன் இன்று என் நண்பர்கள் பட்டியலில் இருக்கிறான். தினமும் என் பதிவுக்கு விருப்பம் போடுவான், ஒரு வார்த்தை எழுதமாட்டான். பேர் சொல்லமாட்டேன். முந்தாநாள் அவனுக்குப் போன் செய்தேன். நான் பேசி முடிக்கிறவரை கேட்டுக்கொண்டே இருந்தான்.

"மார்க்கெல்லாம் ஞாபகம் இல்ல டீச்சர்" என்றான். எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் சொன்னான். "அன்னைக்குச் சாயந்தரம் தாத்தா கேட்டாரு, என்னடா பேனா வாங்கலையான்னு. டீச்சர் தப்புன்னு சொல்லிட்டாங்கன்னேன். அவரு கொஞ்ச நேரம் யோசிச்சாரு. 'வாத்தியாரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும், எனக்குத்தான் வயசாயிருச்சு'ன்னாரு. அதுக்கப்புறம் அந்தப் படக் கதையை அவர் சொல்லவே இல்ல டீச்சர். அதுக்கு முன்னாடி வாரத்துக்கு ஒருதரமாவது சொல்லுவாரு."

தாத்தா கொத்தவால்சாவடியில் காய்கறி மண்டியில் மூட்டை தூக்கியவராம். பதினேழு வயதாம் அப்போது. இரண்டு நாள் டீக்காசைச் சேர்த்துத் தரை டிக்கெட்டில் போய்ப் பார்த்திருக்கிறார். திரையில் பொம்மை வாய் திறந்து பேசியதும் பக்கத்தில் இருந்தவர் எழுந்து கும்பிட்டார் என்பாராம். இதையெல்லாம் பேரன் இப்போது எனக்குப் போனில் சொன்னான்.

'காளிதாஸ்' படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. யாரும் போட்டுப் பார்க்க முடியாது. அதைக் கண்ணால் பார்த்த ஒரு மனிதர் என் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளித் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் ஒருநாள் மாலை நடந்து போய்க் கேட்டிருக்கலாம். வகுப்பையே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஐன்ஸ்டீன் சொல்லாததை ஐன்ஸ்டீன் சொன்னார் என்று நம்பி எழுதிய நான், பார்த்தவர் சொன்னதை நம்பவில்லை. மூட்டை தூக்குகிறவர் பெயரை எந்தப் பொன்மொழிக்குக் கீழேயும் நான் எழுதியதில்லையே.

பெரியவர் காலமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை அவர் பேரனிடம் கேட்டேன். "விடுங்க டீச்சர்" என்றான். விட மனசில்லாமல்தான் எல்லோரும் பார்க்க இங்கே எழுதுகிறேன். அன்றைக்கு நாற்பது பிள்ளைகள் முன்னால் சிரித்தேன். தப்பை ஒப்புக்கொள்வதும் அவர்கள் முன்னால்தானே இருக்க வேண்டும்? அந்த வகுப்பில் இருந்தவர்கள் இதைப் படித்தால் ஒரு கை தூக்குங்கள். நோட்டில் சிவப்புச் சுழியை அடித்துவிட்டு, இன்றைய தேதி போட்டு ஒரு மார்க் போட்டுவிட்டேன். உன் அணிதான் ஜெயித்தது தம்பி. பதினெட்டுப் பேருக்குப் பேனா பாக்கி. வீட்டுக்கு வாருங்கள், வாங்கி வைக்கிறேன். இப்போது விலை ஏறிவிட்டது, ஆளுக்கு ஒன்றுதான்.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். வீட்டில் தாத்தா, பாட்டி, பெரியப்பா, அத்தை யார் இருந்தாலும் இன்று ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் கொட்டகையில் பார்த்த முதல் படம் எது, எந்த ஊரில், யாரோடு போனார்கள் என்று கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள், போனை எடுத்துச் சரிபார்க்காதீர்கள். முதலில் முழுசாகக் கேட்டுவிட்டு, அப்புறம் இங்கே கீழே எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் மறக்காமல் போடுங்கள்.

நான் முதலில் ஆரம்பிக்கிறேன். என் அம்மா பார்த்த முதல் படம் 'சந்திரலேகா'. மாட்டு வண்டியில் தஞ்சாவூர் போனார்களாம். முரசு நடனம் வந்தபோது கொட்டகையே இடிந்து விழுகிறது என்று பயந்து என் பாட்டி வெளியே ஓடிவிட்டாராம். இது நிஜமா என்று பேத்தி கேட்டாள்.

அம்மா சொன்னாங்க என்றேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்