சர்க்கரைத் தண்ணிக்கு ஒரு பங்காளிச் சண்டை

தோட்டத்தில் ஹம்மிங்பேர்டுக்கு ஃபீடர் மாட்டியிருக்கிறேன் என்றதும் ஊரிலிருந்து அத்தை போனில் கேட்டார், “நம்ம தேன்சிட்டுதானேடா அது?”

இல்லை அத்தை, இது வேறு குடும்பம். அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டினால் எந்தக் காட்டிலும் கிடையாது.

இங்கே கலிபோர்னியாவில் எங்கள் வீட்டுக்கு வருவது ‘அன்னா’ வகை. குளிர்காலத்திலும் ஊரை விட்டுப் போகாது. எடை நாலைந்து கிராம்தான். ஆணின் கழுத்து நிழலில் கறுப்பாகத் தெரியும். தலையைக் கொஞ்சம் திருப்பி வெயில் பட்டதும் ரோஜாச் சிவப்பாகப் பற்றிக்கொள்ளும். அந்தரத்தில் நின்றபடியே நொடிக்குப் பத்து தடவைக்கு மேல் நாக்கை நீட்டி நீட்டிக் குடிக்கும்.

பார்த்தால் சாது. குணம்? சரியான ரவுடி! ஃபீடரில் குடிக்க நாலு துளை இருந்தும் ஒருத்தன் எலுமிச்சை மரத்தில் காவல் உட்கார்ந்து மற்ற எல்லோரையும் விரட்டுகிறான். அவன் கண்ணில் படாதபடி வீட்டின் மறுபக்கம் இன்னொன்று மாட்டிய பிறகுதான் மற்றவர்களுக்கும் வயிறு நனைகிறது.

வைக்க நினைப்பவர்களுக்கு: ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நாலு பங்கு தண்ணீர். அவ்வளவுதான். உடம்புக்கு நல்லது என்று நாட்டுச்சர்க்கரை போடாதீர்கள், அதிலுள்ள இரும்புச்சத்து இந்தப் பறவைக்கு ஆகாது. தேனும் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். சிவப்புச் சாயம் வேண்டவே வேண்டாம். சின்னப் பூச்சிகளும் இதற்கு ஆகாரம், அதனால் தோட்டத்தில் மருந்தடிக்காதீர்கள். வெயில் காலத்தில் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஃபீடரைக் கழுவ முடியாதா? வாங்காதீர்கள். ஒரு சால்வியாச் செடி வையுங்கள், போதும்.