காற்றோடு ஒரு பேரம்

மும்பை மாட்டுங்காவில் மூன்றாம் மாடி வீடு. பால்கனியில் இருந்த துளசித் தொட்டி போய் ஏழு மாதங்கள் ஆகின்றன. ஈர மண்ணில் பூஞ்சை வளரும் என்று டாக்டர் சொன்னதும் மனைவியே அதைக் கோயிலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். புறாக்கள் நுழையாதபடி வலையும் அடித்தாகிவிட்டது.

கணவருக்கு வயது 54. நுரையீரல்கள் நார்த்தசையாக இறுகிப்போய், சென்னையில் மாற்று நுரையீரல்கள் பொருத்தப்பட்டன. மாற்றிப் பொருத்திய சிறுநீரகமோ இதயமோ வெளிக்காற்றைப் பார்ப்பதில்லை. நுரையீரல் அப்படியல்ல, மூச்சுக்கு மூச்சு தெருவைச் சந்திக்கிறது. அந்தக் காற்றில் அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் மிதக்கின்றன. ஒன்றின் குறுக்களவு 2, 3 மைக்ரான்தான். மற்றவர்கள் தினமும் அதை உள்ளிழுக்கிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. இவருக்கோ, புதிய உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கிறார்கள். நரம்புகள் துண்டிக்கப்பட்டதால் தையலுக்குக் கீழே எது போய் உட்கார்ந்தாலும் இருமல் வராது. மூச்சுக்குழாயின் தையல் பகுதிக்கு முதல் சில வாரங்கள் ரத்த ஓட்டமும் குறைவு. பூஞ்சைக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

இதற்குத்தான் ஆம்போடெரிசின். 1950களில் வெனிசுலாவின் ஓரினோகோ ஆற்றங்கரை மண்ணில் இருந்த நுண்ணுயிரிடமிருந்து எடுத்தது. 2021இல் கறுப்புப் பூஞ்சை பரவியபோது ஊர் ஊராக அலைந்து தேடினார்களே, அதே மருந்து. நரம்பில் ஏற்றினால் நடுக்கமும் காய்ச்சலும் வரும், சிறுநீரகமும் கெடும். எதிர்ப்பைத் தணிக்கும் டாக்ரோலிமஸ் ஏற்கெனவே சிறுநீரகத்தைப் பதம் பார்த்துக்கொண்டிருக்கிறது. வோரிகோனசோல் மாத்திரையோ டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் எகிறவைக்கும். ஆகவே மருந்தை ஆவிபோல நேராக நுரையீரலுக்கே அனுப்புகிறார்கள். ரத்தத்தில் கலப்பது சொற்பம். எல்லா மருத்துவமனைகளும் இப்படிச் செய்வதில்லை. சில இடங்களில் மாத்திரைதான், சில இடங்களில் இரண்டும்.

கேட்க எளிது. முதலில் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து. பிறகு மஞ்சள் திரவத்தைச் சுத்திகரித்த நீரில் கலக்க வேண்டும். உப்பு நீர் கூடவே கூடாது, திரிந்துவிடும். அப்புறம் நெபுலைசர் முன் உட்கார வேண்டும். வாயெல்லாம் கசப்பு, குமட்டல், சில நாள் நெஞ்சடைப்பு. நான்காவது மாதம் அவர் இரண்டு முறை தவிர்த்துவிட்டார். “நன்றாகத்தானே இருக்கிறேன்?” என்றார். மனைவி சண்டை போடவில்லை. நெபுலைசரைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். அவர் முடிக்கும்வரை தானும் சாப்பிடவில்லை. அடுத்த பிராங்காஸ்கோபியில் பூஞ்சை இல்லை. அது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம்.

இப்போது பக்கத்துக் கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறார்கள். இடிபாட்டுத் தூசியில் வித்துகள் கொத்துக்கொத்தாகக் கிளம்பும். டோம்பிவிலியில் மைத்துனர் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. முதல் பெட்டியில் நெபுலைசரை வைத்தாகிவிட்டது. மருந்துப் புட்டிகளுக்கு ஐஸ் பெட்டி தேடிக்கொண்டிருக்கிறார்கள்.