விசையும் குமிழும்

மின்சாரத்தை ஆள்வதற்கு மனிதன் கண்ட கருவிகளுள் மிக எளியவை இரண்டு: ஒன்று விசை, மற்றொன்று குமிழ். விளக்கை ஏற்றி அணைப்பது விசை. வானொலியின் ஒலியைக் கூட்டிக் குறைப்பது குமிழ். விசை "உண்டா, இல்லையா?" என்று கேட்கிறது, குமிழோ "எவ்வளவு?" என்று கேட்கிறது. மத்திய அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட எனக்கு விசையின் மொழிதான் பழக்கம். 'ஏற்கப்பட்டது', 'திருப்பி அனுப்பப்படுகிறது' என்னும் இரண்டுக்கும் நடுவே மூன்றாவது குறிப்பு எழுத எங்கள் கோப்புகளில் இடமில்லை. குமிழின் அருமையை எனக்கு உணர்த்தியது என் மகளின் மின்கிதார்.

அக்கருவியின் அமைப்பைச் சிறிது சொல்லிவிடுகிறேன். வீணைக்குக் குடம் எதுவோ, மின்கிதாருக்குப் 'பிக்கப்' என்னும் சிறு உறுப்பு அது. காந்தத்தைச் சுற்றித் தலைமயிர் போன்ற செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றி, எஃகுத் தந்திகளுக்கு அடியில் பொருத்தியிருப்பார்கள். தந்தி அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது. சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831இல் பாரடே கண்டறிந்த தத்துவந்தான் இது. தந்தி ஏறி நிற்கும் இடத்தை வீணையில் குதிரை என்கிறோம் அல்லவா? அதன் அருகே உள்ள பிக்கப் கூர்மையான ஒலியைத் தரும். கழுத்தின் பக்கம் உள்ளது குழைவான ஒலியைத் தரும். ஆகவே பல கிதார்களில் இரண்டையும் வைத்து, எது வேண்டும் என்று தேர்ந்துகொள்ள ஒரு விசையையும் வைக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டின் வரலாறு சுவையானது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் புல்லர்டன் என்னும் ஊரில் 1938இல் வானொலி பழுதுபார்க்கும் கடை திறந்தவர் லியோ பெண்டர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. ஆயினும் 1950இல் அவர் நிறுவனம் வெளியிட்டு, 1951இல் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்ற கிதார் இன்றுவரை உலகெங்கும் ஒலிக்கிறது. அதன் தொடக்ககால அமைப்பில், விசையைக் குதிரைப் பக்கம் தள்ளியபின் ஒரு குமிழைத் திருகிக் கழுத்துப் பக்கத்து ஒலியை வேண்டிய அளவு கலந்துகொள்ளலாம். வானொலிக்காரரின் கைவண்ணம்! ஆனால் 1952இல் அந்தக் கலப்புக் குமிழ் நீக்கப்பட்டது. ஒலியின் கூர்மையைக் குறைக்கும் குமிழாக அது மாற்றப்பட்டது. அதன்பின் இரு பிக்கப்களையும் ஒருங்கே ஒலிக்கச் செய்யும் நிலை அந்தக் கிதாரின் விசையில் 1967வரை இடம்பெறவில்லை.

கலைஞர்களின் காது சும்மா இருக்குமா? 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று பிக்கப்களும் மூன்று நிலை விசையும் இருந்தன. வாசிப்பவர்கள் விசையை இரு நிலைகளுக்கு நடுவே நிறுத்தி, செய்தவர் நினையாத புதிய ஒலிகளைப் பெற்றனர். 1977இல் நிறுவனமே ஐந்து நிலை விசையைப் பொருத்தி அந்த இடைநிலைகளை ஏற்றுக்கொண்டது. நடுவில் உள்ளதும் ஓர் இடமே என்று ஒப்புக்கொள்ள இருபத்துமூன்று ஆண்டுகள் ஆயின.

என் மகள் தில்லியில் பிறந்து வளர்ந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. சென்ற கோடையில் கும்பகோணம் சென்று திரும்பியபின் ஒருநாள் கேட்டாள்: "ஊர்ல என் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறாங்க, இங்க ஸ்கூல்ல 'மதராஸி'ன்னு கூப்பிடறாங்க. நான் பாதி அது, பாதி இதுவாப்பா?" எனக்கு உடனே விடை வரவில்லை. சில நாள் கழித்துத் தன் கிதாரிலுள்ள விசையை எடுத்துவிட்டுக் கலப்புக் குமிழ் பொருத்தித் தருமாறு கேட்டாள். இளமையில் வானொலிப் பெட்டிகளைப் பிரித்துச் சேர்த்த கை எனது, மகிழ்ந்து ஒப்புக்கொண்டேன்.

செங்கோட்டைக்கு எதிரே உள்ள லஜ்பத்ராய் சந்தைக்கு இருவரும் போனோம். கடைக்காரர் இரண்டு குமிழ்களை மேசைமேல் வைத்தார். இரண்டும் ஈரடுக்கு கொண்டவை. பார்வைக்கு வேறுபாடு இல்லை. ஆனால் மீட்டரை வைத்து அளந்தபோது வேறுபாடு தெரிந்தது. சாதாரணக் குமிழை நடுவில் நிறுத்தினால் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. மற்றொன்று, ஸ்டீரியோ பெருக்கிகளில் இடம் வலம் சமன்செய்ய உதவும் வகை. அதன் தடைப் பாதையில் பாதி தூரம் தடையே இல்லாதது. நடுவில் நிறுத்தினால் இரண்டு பக்கமும் முழுமை! ஒரு பக்கம் திருகினால் அந்தப் பக்கம் முழுதாகவே நிற்க, மறுபக்கம் மட்டும் மெல்லத் தேயும். மீட்டரின் எண்களை அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிரவே ஈயம் பற்றவைத்து முடித்தோம். நடுநிலையில் கேட்ட ஒலி இரண்டின் சராசரி அன்று. ஒரே தந்தியை இரண்டு இடங்களிலிருந்து கேட்பதால் சில அதிர்வுகள் ஒன்றையொன்று தாங்கும், சில ஒன்றையொன்று தணிக்கும். அதனால் பிறப்பது தனித்ததொரு மூன்றாம் குரல். அவளுடைய கிதாரில் இரு சுருள்களும் எதிரெதிர்த் திசையில் சுற்றப்பட்டவை. காந்தங்களும் எதிர்முனை கொண்டவை. எனவே வீட்டு மின்கம்பிகளால் எழும் ரீங்காரமும் நடுவில் அடங்கிப்போனது. பக்கவாட்டில் திருகத் திருக அது சிறிது சிறிதாகத் திரும்பி வந்தது.

குமிழுக்குக் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். விரைந்து செல்லும் பாட்டில் ஒரு தட்டில் ஒலியை மாற்ற விசைதான் வசதி. குமிழைத் திருக நேரம் வேண்டும். நேற்று வைத்த இடத்தை இன்று கண்டுபிடிக்கக் கண் போதாது, காது வேண்டும். நடுவில் மட்டும் விரலுக்குத் தெரியும் ஒரு சிறு பள்ளம் உண்டு. மற்ற இடங்களையெல்லாம் அவளே தேடிக்கொள்ள வேண்டும். "பரவாயில்லப்பா, தேடிக்கிறேன்" என்றாள்.

அவள் கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் விடை இருக்கிறது. நடுவில் நிற்பவர் பாதியாகத்தான் நிற்கவேண்டும் என்பதில்லை; உள்ளே இருக்கும் குமிழ் எவ்வகை என்பதைப் பொறுத்தது அது. தமிழும் முழுதாக, தில்லியும் முழுதாக ஒருத்தியின் நாவில் ஒலிக்கலாம். ஆனால் பெற்றோராகிய நமக்கு ஒரு கடமை உண்டு. சுருளில் கம்பி அறுந்திருந்தால் எந்தக் குமிழைத் திருகினாலும் ஒலி வராது. அந்தச் சுருள் ஒருநாளில் சுற்றப்படுவதும் அன்று. ஆயிரக்கணக்கான சுற்றுகள் வேண்டும். அலுவலகம் விட்டு வந்து, சோர்வைப் பாராமல் பிள்ளைகளோடு தமிழில் பேசும் ஒவ்வொரு மாலையும் அதில் ஒரு சுற்று.