லண்டனில் ஒரு வோட்டு, காரைநகரில் ஒரு வாக்குவாதம்

2024 ஜூலை 4ஆம் திகதி இரவு எங்கள் வீட்டில் ஒருவரும் நேரத்துக்குப் படுக்கவில்லை. பிரித்தானியாவில் இரவு பத்து மணிக்கு வாக்கெடுப்பு முடியும்போது காரைநகரில் அதிகாலை இரண்டரை. அப்பப்பா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் போனை நெஞ்சில் வைத்தபடி முழித்திருந்தார். "எங்கட தேர்தலுக்கே இப்பிடி ஒருநாளும் முழிச்சிருந்ததில்லை, கீயர் ஸ்டாமருக்கு என்னத்துக்கு நித்திரை முழிக்கிறியள்?" என்று அம்மா ஏசினா. ஏசிக்கொண்டே எல்லாருக்கும் பிளேன்ரீயும் ஊத்தித் தந்தா.

காரணம் இருந்தது. எங்கள் குடும்பத்தின் பாதி அங்கே. ஹரோவில் மாமா, சொந்தக் கடை, கொன்சர்வேட்டிவ். ஈஸ்ட்ஹாமில் சித்தப்பா, ஆஸ்பத்திரியில் வேலை, லேபர். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்ப வட்ஸ்அப் அழைப்பில் வருவார்கள். அந்தத் தேர்தல் அறிவித்ததிலிருந்து எந்த ஞாயிறும் சண்டையில்லாமல் முடியவில்லை. மூன்றாவது ஆள் பெரியம்மாவின் மகள், என்ரை அக்கா. அந்த ஏப்ரலில்தான் பராமரிப்புப் பணியாளர் விசாவில் போய், மாமா வீட்டின் சின்ன அறையில் இருந்தா. அவவின் நாலு வயது மகள் இங்கே எங்களோடு.

பிள்ளை ஏன் இங்கே என்று கேட்டால், 2024 மார்ச் 11ஆம் திகதிதான் பதில். அந்தத் திகதியிலிருந்து அந்த விசாவில் புதிதாகப் போகிறவர்கள் கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ கூட்டிக்கொண்டு போக முடியாது என்று ரிஷி சுனக்கின் அரசாங்கம் விதியை மாற்றியது. அக்காவின் விண்ணப்பம் அதற்குப் பிறகுதான் போனது. காசு கட்டியாயிற்று, காணி ஈட்டில் இருக்கிறது, திரும்ப வழியில்லை. அத்தான் கொழும்பில் வேலை. பிள்ளைக்கு நான் சித்தி, பாதி நேரம் அம்மா.

இதெல்லாம் இருக்க, அக்காவுக்கு அங்கே வோட்டு இருந்தது. எனக்கு அது முதலில் நம்பவே முடியாமல் இருந்தது. பொதுநலவாய நாட்டுக் குடிமக்கள் அங்கே இருப்பதற்கு அனுமதியோடு வாழ்ந்தால், பிரித்தானியப் பிரஜையாக இல்லாமலே பொதுத் தேர்தலில் வாக்களிக்கலாம். இலங்கை பொதுநலவாய நாடு. போய்ச் சில வாரங்களேயான அக்கா பெயரைப் பதிந்தா. அங்கே இப்போது படத்தோடு அடையாள அட்டை காட்ட வேண்டும். பொதுநலவாய நாட்டுப் பாஸ்போட்டும் செல்லும் என்பதால் இலங்கைப் பாஸ்போட்டைக் காட்டித்தான் வோட்டுப் போட்டா. ஆனால் அதே பாஸ்போட்டோடு லண்டனில் இருந்துகொண்டு இலங்கைத் தேர்தலில் வாக்களிக்க அவவால் முடியாது. வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு எங்கள் நாடு இன்னும் அந்த வசதியைச் செய்யவில்லை.

வீட்டுக்குள் ஒரு புது வாக்காளர் வந்தால் என்ன நடக்கும்? இரண்டு கட்சியும் பிரசாரம் செய்யும். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

மாமாவின் பக்கம்: "2001இலை இயக்கத்தைத் தடை செய்தது ஆர்? லேபர். 2009இலை நாங்கள் பாராளுமன்றத்துக்கு முன்னாலை ரோட்டிலை கிடந்து கத்தேக்கை ஆட்சியிலை இருந்தது ஆர்? லேபர். 2013இலை யாழ்ப்பாணத்துக்கே வந்து சனத்தைப் பார்த்தவர் கமரோன். அவர் ஆர்? கொன்சர்வேட்டிவ்."

சித்தப்பாவின் பக்கம்: "வந்து பார்த்தவர், சரி. பிறகு என்ன செய்தவை? பதினாலு வருசத்திலை அஞ்சு பிரதமர். ஆஸ்பத்திரியிலை சனம் வாங்கிலை கிடக்குது, அதை நான்தான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறன். அதோட, தாயையும் பிள்ளையையும் பிரிச்ச சட்டம் ஆற்றை? அந்தப் பிள்ளை உங்கட வீட்டிலை இருந்துகொண்டு உங்கட கட்சிக்குப் போட வேணுமோ அத்தான்?"

அப்பப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். இரண்டு பேரையும் விடமாட்டார். சர்வஜன வாக்குரிமையைப் பரிந்துரைத்த டொனமூர் ஆணைக்குழுவை 1927இல் அனுப்பியது கொன்சர்வேட்டிவ் அரசாங்கம், 1931இல் அது நடைமுறைக்கு வந்தபோது இருந்தது லேபர் அரசாங்கம் என்பார். பிரித்தானியாவில் ஆண்களுக்குச் சமமாகப் பெண்களுக்கு 21 வயதில் வோட்டுக் கிடைத்தது 1928இல், எங்களுக்கு மூன்றே வருசம் பிந்தி. "அதை வாங்கினவுடனை யாழ்ப்பாணம் என்ன செய்தது தெரியுமோ? வோட்டே போடேல்லை!" 1931இல் யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் பூரண சுயராச்சியம் கேட்டு அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, எங்களுக்குக் கடலுக்கு அங்காலை தெரிகிற ஊர்காவற்றுறை, இந்த நாலு தொகுதியிலும் நியமனப் பத்திரமே தாக்கலாகவில்லை. 1948இல் சிறுபான்மைக்கு உருப்படியான பாதுகாப்பு இல்லாமல் சுதந்திரத்தைக் கையில் தந்துவிட்டுப் போனது அட்லியின் லேபர் அரசாங்கம். அந்த வருசமே மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை போனது. "ரெண்டு பேரும் கணக்குப் பார்த்தால் சமம்தான்" என்று முடிப்பார். அதற்குப் பிறகும் முடிவு பார்க்க அதிகாலை இரண்டரை வரை முழித்திருப்பார்.

இந்த வாதங்களைக் கேட்டுக்கேட்டு எனக்கு ஒன்று விளங்கியது. இதில் முக்கால்வாசி, எந்தக் கட்சி பிரித்தானியாவை ஆளத் தகுதி என்பதைப் பற்றியது அல்ல. எந்தக் கட்சி எங்களுக்கு என்ன செய்தது என்பதைப் பற்றியது. அதிலும் மாமாவின் உண்மையான காரணம் 2009 அல்ல. ஒருநாள் சித்தப்பா அதைப் போட்டு உடைத்தார். "2015இலை உமா குமாரன் எண்ட எங்கட தமிழ்ப் பிள்ளை லேபரிலை நிண்டது உங்கட ஹரோ ஈஸ்டிலைதானே அத்தான்? அப்ப ஆருக்குப் போட்டனீங்கள்?" மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஆள் தமிழ் எண்டதுக்காகக் கட்சியை மாத்தேலாது தம்பி. எனக்குக் கடை இருக்கு, வரி இருக்கு."

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. முதல்தரம் மாமா தான் வாழ்கிற இடத்தைப் பற்றி நேர்மையாகப் பேசின மாதிரி.

முடிவு உங்களுக்குத் தெரியும். லேபர் 34 வீதத்துக்குக் கிட்டவான வாக்குகளோடு 650இல் 411 ஆசனங்களை எடுத்தது. உமா குமாரன் ஸ்ட்ராட்போட் அன்ட் போ தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனார். ஹரோ ஈஸ்டில் பழையபடி கொன்சர்வேட்டிவ் பொப் பிளாக்மன். மாமாவின் ஆள் வென்று கட்சி தோற்றது.

அக்கா ஆருக்குப் போட்டா? தனியாக எடுத்துக் கேட்டேன். "உனக்கும் சொல்ல மாட்டன்" என்றா. "வந்த நாளிலை இருந்து எல்லாரும் எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கினம். எப்ப எழும்புறது, எப்பிடிக் கதைக்கிறது, ஆருக்குப் போடுறது. அந்த மறைப்புக்குள்ளை மட்டும்தான்டி ஒருத்தரும் இல்லை. பென்சிலும் நானும். விரலுக்கு மைகூடப் பூசேல்லை."

அவவுக்குத் தெரியும், லேபரும் அந்த விதியை நீக்குவதாகச் சொல்லவில்லை. வென்ற பிறகு நீக்கவும் இல்லை. பிள்ளையைப் பிரித்த விசயத்தில் அவவுக்கு அந்த வாக்குச்சீட்டில் இரண்டு பெரிய கட்சியும் ஒன்றுதான்.

இனி என்ரை கதை.

செப்டெம்பரில் எங்கள் ஜனாதிபதித் தேர்தல் வந்தது. எனக்கு முதல் வோட்டு. மாமா ஒவ்வொரு கிழமையும் எடுத்தார். தமிழ்ப் பொது வேட்பாளர், சங்குச் சின்னம், வேறு கதையில்லை. போட்டேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலிலும் மாமா தமிழ்க் கட்சி என்றார். நான் திசைகாட்டிக்குப் போட்டேன்.

ஏன்? வளாகத்தில் நாங்கள் கதைத்தது ஒரு காரணம். இன்னொன்று எங்கள் ஊர். கோடையில் குடிதண்ணிக்குப் பவுசரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற தீவு இது. பொன்னாலைப் பாலத்தைத் தாண்டினால்தான் படிப்பு, வேலை, பெரியாஸ்பத்திரி. கலைப்பீடப் பட்டத்தோடு வருகிறவளுக்கு முன்னால் இருக்கிற இரண்டு வழி, அரச வேலைக்குக் காத்திருப்பது அல்லது அக்கா போன வழி. இதைப் பற்றி எங்கள் மேடைகளில் ஆரும் பேசி நான் கேட்கவில்லை. யாழ் மாவட்டத்தில் 80,830 பேர் அந்தப் பக்கம் போட்டார்கள். கால்வாசி வாக்கு, ஆறில் மூன்று ஆசனம்.

மாமாவுக்கு மறைக்காமல் சொன்னேன். "இனத்தை வித்துப்போட்டாய்" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நீங்கள் வரிக்கு வோட்டுப் போடலாம், நான் தண்ணிக்குப் போடக்கூடாதோ மாமா? உங்களுக்கு அங்கை வயிறு, எங்களுக்கு இங்கை இனம் மட்டுமோ?" அழைப்பு கட்டாயிற்று. இரண்டு மாதம் மாமா என்னோடு கதைக்கவில்லை.

அப்போது நான் வென்றதாகத்தான் நினைத்தேன். 2025 மார்ச் 28இல் வடக்கில் உரிமை கோரப்படாத காணிகள் பற்றிய வர்த்தமானி வந்தது. உரிமையை நிறுவாவிட்டால் அரச காணியாகும் என்ற பயம் ஊரெல்லாம். உறுதி தொலைத்தவர்கள், இடம்பெயர்ந்து திரும்பாதவர்கள், லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற சொந்தக்காரர் எத்தனை பேர்! 1991இல் இடம்பெயர்ந்த எங்கள் ஊருக்கு அது சும்மா கடதாசி அல்ல. எதிர்ப்பு எழுந்து பிறகு அது மீளப் பெறப்பட்டது. ஆனால் அந்தச் செய்தி வந்த அன்று மாமா எடுத்தார். ஏசவில்லை. "உங்கட அப்பப்பாவின்ரை வளவு உறுதி பத்திரமா இருக்கோ பார்" என்று மட்டும் சொன்னார். தண்ணிக்குப் போட்ட வோட்டில் காணியும் இருந்தது என்பதை நான் யோசித்திருக்கவில்லை. மாமா வரிக்குப் போடும்போது அவருடைய காணியை ஆரும் கேட்கவில்லை. அவருக்கு வயிற்றையும் இனத்தையும் பிரித்துப் பார்க்க வசதி இருந்தது. எங்களுக்கு அது இல்லை.

அந்த மே மாதம் சித்தப்பாவின் முறை. அவருடைய லேபர் அரசாங்கம் குடிவரவு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. நிரந்தர வதிவிடத்துக்கு இருந்த ஐந்து வருசத்தைப் பத்தாக்கப் போவதாக அதில் இருந்தது. அதற்கு இரண்டு மாதம் முந்தித்தான் அதே அரசாங்கம் முன்னாள் படைத் தளபதிகள் மூன்று பேரையும் கருணாவையும் தடைப் பட்டியலில் போட்டது என்று அவர் சந்தோசப்பட்டவர். இப்போது அக்காவுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல், அந்த ஞாயிறு வேலை நேரம் என்று சொல்லி அழைப்புக்கு வரவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு மூன்று பேரும் வந்தோம். மாமா, சித்தப்பா, நான். வென்றவர்களுக்குப் போட்ட இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை, தோற்றவர்களுக்குப் போட்ட மாமாவும் குத்திக் காட்டவில்லை. "நீ தண்ணியைப் பற்றிச் சொன்னது சரி" என்றார். "எனக்கு அதைப் பற்றிக் கதைக்கிற உரிமை இல்லை. நான் அங்கை குடிக்கிறேல்லை." நான் காணியைப் பற்றிச் சொன்னேன். அப்பப்பா காது கேட்காத மாதிரி இருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

எந்தக் கட்சிக்குத் தகுதி என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் இன்னும் விடை இல்லை. நன்றிக்கடனாக ஒரு கட்சிக்குப் போடக்கூடாது என்பதில் மட்டும் நானும் சித்தப்பாவும் இப்போது ஒரே பக்கம். போட்ட கட்சியைத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும், ஏனென்றால் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியது நாங்கள். நான் எங்கள் மூன்று உறுப்பினர்களுக்கும் காரைநகர்த் தண்ணியையும் காணியையும் பற்றி ஒரே கடிதத்தில் எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. திரும்ப எழுதுவேன்.

பெறாமகளுக்கு இப்போது ஐந்து வயது. ஞாயிறு அழைப்பில் எல்லாரையும் தள்ளிவிட்டு முன்னுக்கு வந்து இருப்பாள். போன கிழமை அக்காவிடம் கேட்டாள்: "அம்மா, உங்கட நாட்டிலை ஆர் பெரியாள்? அவரிட்டை லீவு கேளுங்கோவன்."

ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் காரைநகரிலும் ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.