பனிக் கடலின் அடியிலே

குழந்தைகளின் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் ஊற்றுவார்களே, காட்லிவர் எண்ணெய், அதை நமக்கு அளிக்கும் காட் மீனை நேயர்களில் பெரும்பாலோர் நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். நாங்களும் பார்த்ததில்லை. முதல் தடவையாக அதைக் கண்ட இடமோ, சென்ற தலைமுறையில் அது அதிகமாய் எட்டிப் பாராத இடம்.

வடதுருவத்துக்கு அருகே ஸ்பிட்ஸ்பெர்கன் என்றொரு தீவு. அதன் மேற்குக் கரையில் மலைகளைப் பிளந்துகொண்டு சுமார் 12 மைல் தூரம் கடல் உள்ளே புகுந்திருக்கிறது. இத்தகைய கடலை நார்வேக்காரர்கள் பியோர்டு என்பார்கள். இதன் பெயர் கோங்ஸ்பியோர்டன். ராஜாவின் பியோர்டு என்று பொருள். தென்கரையில் நீ-ஓலசுண்ட் என்ற சிற்றூர் உண்டு. முன்பு நிலக்கரி வெட்டிய ஊர். 1962-ல் சுரங்கம் வெடித்து 21 பேர் மாண்ட பிறகு அத்தொழில் நின்றது, ஆராய்ச்சிக்காரர்கள் குடியேறினார்கள். பல தேசத்தாரின் நிலையங்களுக்கு நடுவே, 2008-ல் பாரத தேசம் திறந்த 'ஹிமாத்ரி'யும் இருக்கிறது. அந்தப் பெயரை அவ்வளவு தொலைவில் கண்டபோது குளிர்கூடச் சற்றுக் குறைந்தாற்போல் தோன்றியது!

நாங்கள் போனது ஜூலை மாதம். சூரிய பகவான் அஸ்தமிக்கும் உத்தேசமே இல்லாமல் வானத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். தூக்கம் பிடிக்காமல் நடு இரவில் படகுத் துறைக்குச் சென்றோம். அங்கே சிலர் கடலடிச் சேற்றை அள்ளி வந்து, சல்லடையில் கொட்டி, அரிசி களைவதுபோல் கழுவிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் ஒருவர் புன்னகையுடன் இரண்டு தட்டுகளைக் காட்டினார்.

முதல் தட்டுச் சேறு பனியாறுகளின் வாயிலிருந்து எடுத்தது. கோடையில் உருகும் பனி மலையின் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு கடலில் விழுகிறது. அந்த வண்டல் ஓயாமல் மழைபோல் இறங்குவதால், ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நீரை வடிகட்டி உண்ணும் பிராணிகள் மூச்சு முட்டிப்போகும். ஆகையால் அத்தட்டில் நூல்போன்ற சில புழுக்களும் கடுகளவு சிப்பிகளுமே இருந்தன. இரண்டாவது தட்டு வெளிக்கடலை அடுத்த பகுதியிலிருந்து வந்தது. அப்பப்பா, அதில்தான் எத்தனை விதம்! பாம்புபோல் நெளியும் கைகளுடைய நட்சத்திர மீன்கள், மட்டிகள், கடல் முள்ளெலி, குழாய் கட்டி வாழும் புழுக்கள். முஷ்டியளவு கல் ஒன்றும் இருந்தது. சேற்றில் கல் எப்படி வந்ததென்று கேட்டோம். மிதந்து வரும் பனிப்பாறை உருகும்போது தன்னுள் பதிந்த கல்லை நழுவவிடுமாம். மென்மையான சேற்றின் நடுவே அது ஒரு தீவாகிறது. அதைப் பற்றிக்கொண்டு கடற்சாமந்திகள் குடித்தனம் தொடங்குகின்றன.

இவற்றுக்கெல்லாம் ஆகாரம் மேலிருந்தே வர வேண்டும். வசந்த காலத்தில் பனியின் அடிப்புறத்திலும் நீரின் மேற்பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் பெருகுகின்றன. மேலே அவற்றைத் தின்பவை தின்று மிஞ்சியதுதான் அடித்தளத்துக்குப் பந்தி. பனி எப்பொழுது உருகுகிறது, மேலே எத்தனை வாய்கள் இருக்கின்றன என்பதைப் பொறுத்துக் கீழே இலை விழும், அல்லது விழாது.

மீன்களின் கதை வேறு. அந்தப் பிரதேசத்தின் சொந்தக் குடி துருவக் காட் என்னும் ஒரு சாண் மீன். உறையும் நீரிலும் தன் இரத்தம் உறையாதிருக்க அது உடம்பிலேயே மருந்து வைத்திருக்கிறது. அதன் குஞ்சுகள் பனியின் வெடிப்புகளில் ஒளிந்து வளரும். முட்டைகளோ 3 பாகை உஷ்ணத்திலேயே ஏராளமாய் வீணாகிவிடுகின்றன. தெற்கே உள்ள பெரிய காட் மீனும் ஹாடக் மீனும் அந்தக் குளிருக்கு அஞ்சி விலகியிருந்தன. எனவே குளிரே இதற்குக் கோட்டை மதில்.

அந்த மதில்தான் இடிந்தது. பல பியோர்டுகளின் வாயிலில் கடலடி மேடிட்டு வாசற்படிபோல் இருக்கும். இங்கே அது கிடையாது. அட்லாண்டிக் சமுத்திரத்தின் வெந்நீரோட்டம் தடையின்றி நுழைகிறது. 2006-ஆம் வருஷத்துக் குளிர்காலம் முதல், முன்போல் பியோர்டு முழுவதும் உறைவது அரிதாகிவிட்டது. 2014-ல் நம் தேசத்து விஞ்ஞானிகள், சுமார் 630 அடி ஆழத்தில், கருவிகள் கோத்த கயிறு ஒன்றை நங்கூரமிட்டு நிறுத்தினார்கள். ஏறக்குறைய நான்கு மாதம் சூரியனே உதிக்காத இருட்காலத்திலும் ஜலத்தின் உஷ்ணத்தையும் உப்பையும் அது குறித்து வைத்தது.

அடித்தளமும் பேசாமல் இல்லை. 1980 முதல் வருஷந்தோறும் பியோர்டின் வாயிலில் நீருக்கடியிலுள்ள ஒரே பாறையைப் படம் பிடித்து வந்திருக்கிறார்கள். ஆரம்பப் படங்களில் கடற்சாமந்திகளும் சிவந்த சுண்ணாம்புப் பாசியும் காணப்படுகின்றன. 1995-ல் திடீரென்று பழுப்பு நிறக் கடற்பாசி பாறையை மூடிக்கொண்டது; பிறகு விலகவில்லை. மலைமுகட்டில் கூடு கட்டும் கிட்டிவேக் பறவைகளும் இதற்குச் சாட்சி. முன்பு அவற்றின் இரையில் துருவக் காட் முக்கியமாய் இருந்தது. 2007-க்குப் பின் கேபெலின், ஹெர்ரிங் முதலிய தென்கடல் மீன்களும் கலந்துவிட்டன. கிழக்கே பாரென்ட்ஸ் கடலில் 2004 முதல் 2012 வரை வலைவீசிக் கணக்கெடுத்தவர்களும் இதையே கண்டார்கள்: பெரிய மீன்கள் வடக்கே ஏறின, அடித்தளத்தில் மேயும் சிறிய துருவ மீன்கள் இன்னும் வடக்கே ஒதுங்கின. ஒதுங்குவதற்கும் ஓர் எல்லை உண்டல்லவா? அதற்கப்பால் கடலடி ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக்குச் சரிந்துவிடுகிறது. அங்கே அவை மேயத் தக்க தரை இல்லை.

நாங்கள் திரும்ப எண்ணியபோது சிறு படகொன்று துறையை அடைந்தது. அதிலிருந்து ஒருவர் முழங்கை நீளத்துக்கு மேற்பட்ட மீன் ஒன்றைத் தூக்கி மேஜைமேல் போட்டார். பச்சை கலந்த பழுப்பு உடல், மோவாயில் ஒற்றை மீசை. "காட்!" என்றார். எண்ணெயின் நாற்றம் ஞாபகம் வந்து முகத்தைச் சுளித்தோம். அவர் வயிற்றைக் கீறி இரைப்பையைத் திறந்தார். சில இறால்கள்; அவற்றோடு பாதி ஜீரணமான ஒரு சிறு மீன். துருவக் காட்தானா என்று ஆவலுடன் கேட்டோம். குனிந்து நெடுநேரம் பார்த்தார். தலை கரைந்து போயிருந்தபடியால் உடனே சொல்ல முடியவில்லை. அதை ஒரு புட்டியில் இட்டு, தேதியும் இலக்கமும் எழுதி ஒட்டிவிட்டு, அடுத்த மீனை எடுத்தார்.