இரண்டு மலை, நடுவில் ஒரு சூரியன்

பத்து வயதுக் குழந்தை ஒன்றிடம் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து "இயற்கைக் காட்சி வரை" என்று சொல்லிப் பாருங்கள். என்ன வரும் என்பது இப்போதே உங்களுக்குத் தெரியும்! இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், குச்சி குச்சியாய்க் கதிர்கள், மலையிலிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு ஓட்டு வீடு, பக்கத்தில் ஒரு தென்னை மரம், வானத்தில் டிக் அடித்தது போல நாலு பறவை.

கொடைக்கானல் குழந்தை இதை வரைந்தால் சரி. சுற்றிலும் வயலைத் தவிர வேறொன்றும் இல்லாத தஞ்சாவூர்ப் பக்கத்துக் குழந்தையும் இதே மலையைத்தான் வரைகிறது. காலையில் எழுந்ததும் கடலையும் படகையும் பார்க்கிற ராமேஸ்வரத்துக் குழந்தையும் அப்படியே. அந்த மலை எங்கே இருக்கிறது? கரும்பலகையில். ஆசிரியர் வரைந்தார், பிள்ளைகள் பார்த்து வரைந்தார்கள், பத்துக்கு எட்டு மார்க் வாங்கினார்கள். அதன் பிறகு வாழ்நாள் முழுக்க அதே மலைதான்.

ஆனால் இந்தக் குழந்தை எப்போதுமே இப்படி இருந்ததில்லை. இரண்டு வயதில் சுவர் முழுக்கக் கிறுக்கி அடி வாங்கியது. மூன்று, நான்கு வயதில் ஒரு வட்டம் போட்டு, அதிலிருந்து நேராக இரண்டு கோடு இழுத்து "இது அப்பா" என்றது. உடம்பு கிடையாது, தலையிலிருந்தே கால்! உலகம் முழுக்கக் குழந்தைகள் முதலில் மனிதனை இப்படித்தான் வரைகிறார்கள். விக்டர் லோவன்ஃபெல்ட் என்பவர் இதையெல்லாம் வரிசைப்படுத்தி 1947ல் ஒரு புத்தகம் எழுதினார். வியன்னாவில் பார்வையற்ற குழந்தைகளுக்குக் கலை கற்றுக்கொடுத்தவர், பிறகு அமெரிக்கா போனவர். அவர் கணக்குப்படி 2 முதல் 4 வயது வரை கிறுக்கல். 4 முதல் 7 வரை உருவங்கள் பிறக்கும் காலம். 7 முதல் 9 வரை குழந்தை தனக்கென்று ஒரு மனிதன், ஒரு மரம், ஒரு வீடு என்று அடையாளங்களை உருவாக்கிக்கொள்ளும். 9 வயதுக்கு மேல்தான் "இது நிஜம் மாதிரி இல்லையே" என்ற கவலை வரும். அந்தக் கவலை வந்தவுடன் நிறையக் குழந்தைகள் "எனக்கு வரைய வராது" என்று பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

இந்த ஆறேழு வருடப் படங்களைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பஸ் வரைந்தால் வெளிப்பக்கமும் தெரியும், உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆட்களும் கால் வரைக்கும் தெரிவார்கள். பந்து பிடிக்கிற தம்பிக்குக் கை மட்டும் உடம்பை விட நீளமாக இருக்கும். ஏனென்றால் அந்த நேரத்தில் கைதான் முக்கியம்! வீட்டில் யார் மீது பயமோ அவர் கூரையைத் தொடும் உயரத்தில் நிற்பார். பெரியவர்கள் கண்ணுக்கு இதெல்லாம் தப்பு. குழந்தை தனக்குத் தெரிந்ததையும் தான் உணர்ந்ததையும் வரைகிறது, கண்ணில் படுவதை மட்டும் அல்ல. இதைப் புரிந்துகொள்ளாமல் "கை ஏன் இவ்வளவு பெருசு? அழிச்சிட்டு ஒழுங்காப் போடு" என்று சொல்லும்போது திருத்தப்படுவது கை அல்ல. குழந்தை சொல்ல வந்த சங்கதி.

"காக்கா நீலமா இருக்குமா?" என்ற கேள்வியும் இந்த வகைதான். காக்கா கறுப்பு என்பது அந்தக் குழந்தைக்கும் தெரியும். நீலம் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

சிலர் உடனே கேட்பார்கள், பார்த்து வரைவது அவ்வளவு பெரிய பாவமா? அம்மா போடுகிற கோலத்தைப் பார்த்துத்தானே பெண் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள்? நியாயமான கேள்வி. ஆனால் வாசலில் நடப்பதைக் கவனியுங்கள். புள்ளி வைக்கும் முறையைத்தான் அம்மா சொல்லித் தருகிறார். நாலு நாள் கழித்து அந்தப் பிள்ளை ஓரத்தில் தானாக ஒரு வளைவைச் சேர்க்கிறது. யாரும் மார்க் போடுவதில்லை. மறுநாள் காலை எப்படியும் புதுக்கோலம். வகுப்பறையில் அந்த மறுநாள் கிடைப்பதில்லை.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டம், பள்ளியின் எல்லா நிலைகளிலும் கலை ஒரு பாடமாக இருக்க வேண்டும் என்றது. நல்ல விஷயம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்றது. அதுவும் நல்ல விஷயம். ஆனால் அட்டவணையைக் கூர்ந்து படித்தால் அது 6 முதல் 8ஆம் வகுப்பு வரைக்கும்தான், அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான். 1 முதல் 5 வரை 60 பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர்கள், அவ்வளவுதான். 2012ல் தமிழ்நாட்டில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கென்று சுமார் 16,500 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் சம்பளத்தில் எடுக்கப்பட்டபோதும் இதே கதைதான்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வயது 11. லோவன்ஃபெல்ட் கணக்கோடு இதைப் பொருத்திப் பாருங்கள். குழந்தை ஆசை ஆசையாக வரைந்த வயதில் ஓவிய ஆசிரியர் இல்லை. "எனக்கு வராது" என்று முடிவு கட்டிய பிறகு வருகிறார்! வந்து "உங்களுக்குப் பிடிச்சதை வரைங்க" என்று ஆசையாகச் சொன்னால், "சார், போர்டுல வரைஞ்சு காட்டுங்க சார்" என்று பதில் வருகிறது.

வண்ணத்துக்குப் பஞ்சமா என்றால் அதுவும் இல்லை. அரசுப் பள்ளிகளில் விலையில்லாப் பொருட்களோடு 1, 2ஆம் வகுப்புக்கு கிரையான்ஸும், 3 முதல் 5 வரை வண்ணப் பென்சிலும் தருகிறார்கள். பெரும்பாலும் அது பாடப் புத்தகத்தில் அச்சடித்த மாம்பழத்துக்குள் மஞ்சள் அடிக்கத்தான் பயன்படுகிறது. கோட்டுக்கு வெளியே போகாமல் அடித்தால் "வெரிகுட்". விரலுக்குப் பயிற்சி என்ற அளவில் தப்பில்லை. அதை ஓவியம் என்று சொல்லாமல் இருந்தால் சரி.

நடுவில் ஒரு நல்ல காலமும் வந்தது. 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08ல் மாநிலம் முழுக்கப் போனது. அந்த வகுப்பறைகளில் இரண்டு சின்ன ஏற்பாடுகள் இருந்தன. ஒன்று, குழந்தையின் உயரத்துக்குச் சுவரைச் சுற்றிலும் கீழ்மட்டக் கரும்பலகை. ஆளுக்கொரு பகுதி. இன்னொன்று கம்பிப் பந்தல். வகுப்பின் குறுக்கே கம்பி கட்டி, பிள்ளைகள் செய்ததை எல்லாம் அதில் தொங்கவிடுவார்கள். நன்றாக வரைந்த மூன்று பேர் படம் மட்டும் அல்ல, எல்லோருடையதும். செயல்வழிக் கற்றலைப் பற்றி ஆயிரம் விமர்சனம் உண்டு, அட்டைகளைச் சமாளிக்க முடியாமல் தவித்த ஆசிரியர்களும் உண்டு. ஆனால் அந்தக் கம்பிக்குச் செலவு எவ்வளவு? அதைக் கட்ட எந்த அரசாணையும் தேவையில்லை, இன்றைக்கும் கட்டலாம்.

ஈராசிரியர் பள்ளியில் இரண்டு, மூன்று வகுப்பை ஒன்றாக வைத்துக்கொண்டு, பதிவேடும் எழுதி, சத்துணவையும் பார்க்கிற டீச்சரிடம் போய் "படைப்பாற்றலை வளருங்கள்" என்று சொன்னால் அவர் சிரிப்பார். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் இதற்கு டீச்சர் ஓவியராக இருக்க வேண்டியதில்லை. சொல்லப் போனால் போர்டில் வரையத் தெரியாத டீச்சர் இந்த விஷயத்தில் ஒரு படி மேல்!

தாளுக்குக் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் போதும். வைகாசி, ஆவணி மாதங்களில் ஒரு தெருவில் சேர்கிற பத்திரிகை ஒரு வகுப்புக்குப் பல நாள் வரும். கரித்துண்டு, செங்கல் துண்டு, மஞ்சள், பீட்ரூட் சாறு எல்லாம் வண்ணம்தான். கண்மாய்ப் பக்கம் களிமண்ணுக்குக் குறைவில்லை.

அதே சமயம் தாளைக் கொடுத்துவிட்டு "என்னவோ பண்ணுங்க" என்று விட்டுவிடுவதும் சுதந்திரம் இல்லை. வெறும் தாளைப் பார்த்தால் குழந்தைக்கும் பயம் வரும். பள்ளி வாசலில் கட்டிய ஆட்டைப் பத்து நிமிடம் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். கால் எங்கே மடங்குகிறது, அசை போடும்போது தாடை எந்தப் பக்கம் போகிறது? இல்லையென்றால் "நேத்து மழையில் நனைஞ்சப்போ யார் கூட இருந்தீங்க?" என்று பேச்சை ஆரம்பிக்கலாம். மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை வரும் என்பதை வாயால் சொல்லாமல் கலக்க விடலாம். குழந்தையின் தாளில் பெரியவர் பென்சில் மட்டும் படக்கூடாது.

வீட்டிலும் கொஞ்சம் வேலை இருக்கிறது. படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் பிள்ளையிடம் "என்ன இது?" என்று கேட்டால் அதன் முகம் வாடிவிடும், ஏனென்றால் புரியவில்லை என்றுதானே அர்த்தம். "இதுல என்ன நடக்குது?" என்று கேளுங்கள். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் யார், எந்த ஊருக்குப் போகிறார்கள், டிரைவருக்கு ஏன் மூன்று கை என்று கதை ஆரம்பிக்கும். தட்டில் போட்ட தோசை ஆறிப்போகும். இன்னொன்று சுட்டுக்கொள்ளலாம்.